நிலைத்தன்மைப் பட்டம் படித்தவர்கள் எந்த வேலைக்குப் போகிறார்கள்?

அமராவதிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கரூரைச் சேர்ந்தவள். பெங்களூருவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ‘நிலைத்தன்மை ஆய்வுகள்’ என்ற மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தின் இறுதியாண்டில் இருக்கிறேன். சூழலியல், பொருளியல், சமூகவியல், சுற்றுச்சூழல் சட்டம், கொள்கை ஆய்வு எனப் பல துறைகளிலிருந்து பாடங்களை எடுத்துக் கோத்த பட்டம் இது. புள்ளியியலில் ஒரு தாளும் ஜி.ஐ.எஸ். எனப்படும் கணினிவழிப் புவித்தகவல் வரைபடத்தில் ஒரு தாளும் உண்டு. பாடங்கள் எனக்குப் பிடித்திருக்கின்றன. சேர்ந்ததற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்பா 24 விசைத்தறிகள் ஓட்டுகிறார். பொறியியல் படித்த என் அண்ணன் எங்கே போய் நிற்பான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. “நீ படித்து முடித்துவிட்டு யாருடைய வாசலில் போய் நிற்பாய்?” என்று அவர் கேட்கும்போது கோபம் வரவில்லை, எனக்கே தெரியவில்லை என்பதுதான் உறுத்துகிறது. எங்கள் துறையில் கேட்டால், “எல்லாத் துறைகளிலும் வாய்ப்பு உண்டு” என்கிறார்கள். எல்லாத் துறைகளிலும் என்றால் எந்த மேசையில், என்ன வேலையாக என்று யாரும் விளக்குவதில்லை.

இதே போன்ற பட்டம் பெற்று வேலைக்குச் சென்றவர்கள், அல்லது இப்படிப்பட்டவர்களை வேலைக்கு எடுப்பவர்கள் இருந்தால், உண்மையில் அன்றாடம் என்ன செய்கிறீர்கள் என்று எழுத வேண்டுகிறேன். உடனே முதுகலை படிக்க வேண்டுமா, அரசுத் தேர்வுகளுக்கு இந்தப் பட்டம் செல்லுமா என்பவற்றையும் அறிய விரும்புகிறேன்.

நொய்யல்வாசி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதிப் பின்னலாடை நிறுவனத்தின் சஸ்டெயினபிலிட்டி, அதாவது நிலைத்தன்மைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். என் பிரிவுக்கு ஆள் எடுப்பவனும் நானே என்பதால், உங்கள் அப்பாவின் கேள்விக்கு ஒரு பகுதியாவது பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

இங்கே இப்படியொரு பிரிவு ஏன் உருவானது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்ற நிலை வந்தது. அதற்குப் பிறகு சுற்றுச்சூழல் என்பது இந்த ஊரில் மேடைப் பேச்சாக இல்லாமல் தொழிலின் கணக்கில் ஒரு வரியாகிவிட்டது. சவ்வூடு வடிகட்டி, ஆவியாக்கி, மிஞ்சும் உப்பு, சேரும் ஸ்லட்ஜ் எனும் கழிவுச் சேறு என்று ஒவ்வொன்றுக்கும் செலவு உண்டு. ஒவ்வொன்றுக்கும் பதிவேடு உண்டு. அதன் மேல் ஐரோப்பிய, அமெரிக்க வாடிக்கையாளர்களின் கேள்விகள் வந்து சேர்ந்தன. ஆடை ஆலைகளின் சுற்றுச்சூழல், தொழிலாளர் நடைமுறைகளை அளக்கும் ஹிக் மதிப்பீடு, கழிவுநீரில் நச்சு வேதிப்பொருள் சோதனை, இயற்கைப் பருத்திக்கான ஜி.ஓ.டி.எஸ். சான்று ஆகியவற்றைக் காட்டாத நிறுவனத்துக்கு ஆர்டர் கொடுக்கப் பல வாடிக்கையாளர்கள் தயங்குகிறார்கள்.

இனி, அன்றாடம் என்ன வேலை என்று கேட்டீர்கள். சென்ற மாதத்தில் ஒரு நாளைச் சொல்கிறேன். பாய்லருக்கு எரித்த விறகின் அளவு தேவைப்பட்டது. கணக்குப் பிரிவில் கேட்டால் பணத்தொகை மட்டும் இருந்தது. ஸ்டோரில் எடைமேடைச் சீட்டுகள் ஒரு கம்பியில் குத்தப்பட்டிருந்தன. மழையில் நனைந்த விறகு லாரியின் எடையும் காய்ந்த விறகு லாரியின் எடையும் ஒன்றாகவே கூட்டப்பட்டிருந்தன. பாய்லர் ஓட்டும் அண்ணனிடம் போய் நின்று, ஒரு ஷிப்டுக்கு எத்தனை தள்ளுவண்டி போடுகிறார் என்று இரண்டு நாட்கள் எண்ணினோம். அவர் சொன்ன அளவும் சீட்டுகளின் கூட்டலும் ஒத்துப்போக அந்த வாரம் முழுவதும் ஆனது. அதன் பிறகு கணினியில் பெருக்கிப் போடுவதற்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது. இந்த விகிதம்தான் எங்கள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்கு வரும் நிலைத்தன்மைப் பட்டதாரிகள் காலநிலை நீதி பற்றி மிக அழகாகப் பேசுகிறார்கள். நான் ஒரு மாத உயர் அழுத்த மின்கட்டண ரசீதைக் கையில் கொடுத்து, இதிலிருந்து கரியமில வாயு வெளியேற்றத்தைக் கணக்கிடச் சொல்வேன். பாதிப் பேருக்கு எந்த எண்ணை எடுப்பது என்றே தெரிவதில்லை. ரசீதில் அதிகபட்ச மின்தேவையும் இருக்கும், நுகர்ந்த யூனிட்டும் இருக்கும். பொறியியல் படித்தவர்கள் எண்ணைச் சரியாக எடுத்துவிடுவார்கள். ஆனால் வாடிக்கையாளர் கேட்கும் தொழிலாளர் நலக் கேள்விகளையும் அந்த எண்ணையும் சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னால் திணறுவார்கள். இரண்டையும் செய்யக்கூடியவர் கிடைத்தால், பட்டத்தின் பெயர் என்னவாக இருந்தாலும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தணிக்கைமேசை எழுதியது:

நொய்யல்வாசி ஐயா சொன்னது தொழிற்சாலைக்குள் இருக்கும் மேசை. வெளியே இருக்கும் மேசை என்னுடையது. சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் பணிபுரிகிறேன்; பொருளியலும் சுற்றுச்சூழல் மேலாண்மையும் கலந்த முதுகலை படித்தவள்.

இந்தியாவில் இந்த வேலைகள் பெருகியதற்குப் பெரிய காரணம், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் ஓர் ஆணை. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களிலுள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், தொழில் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று 2021இல் செபி அறிவித்தது. 2022–23 நிதியாண்டு முதல் அது கட்டாயமானது. எங்கள் வட்டாரத்தில் பி.ஆர்.எஸ்.ஆர். என்றுதான் சொல்வோம். மின்சாரம், தண்ணீர், கழிவு ஆகியவற்றோடு, ஊதியத்தில் ஆண் பெண் வேறுபாடு, பணியிடப் பாலியல் புகார்கள், விபத்துகள் என எல்லாமும் அந்த ஒரே படிவத்தில் வருகின்றன. ஆகவே பல துறைகளைத் தொட்டுப் படித்தவருக்கு அந்தப் படிவம் அந்நியமாக இருக்காது. 2023இல் அதன் முக்கியமான சில அளவீடுகளுக்கு மட்டும் மூன்றாம் தரப்பின் உறுதிச்சான்று தேவை என்று செபி சேர்த்தது. முதல் 150 நிறுவனங்களிலிருந்து அது தொடங்கியது. அன்றிலிருந்து எங்கள் வேலையில் கணக்குத் தணிக்கையின் வாசனை கூடிவிட்டது.

ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை எங்களுக்கு வேறு வாழ்க்கை கிடையாது. ஒரே நிறுவனத்தின் ஓர் ஆலை தண்ணீரைக் கிலோலிட்டரில் அனுப்பும்; இன்னோர் ஆலை, “டேங்கர் 214” என்று மட்டும் அனுப்பும். அந்த டேங்கர் 12,000 லிட்டரா, 24,000 லிட்டரா என்று தொலைபேசியில் கேட்டால், “இரண்டும் வரும் மேடம்” என்பார்கள். எனவே எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும். அதைவிட, தொலைபேசியில் பொறுமையாகப் பேசத் தெரிய வேண்டும்.

இறக்குமதிப் பொருளைத் தயாரித்தபோது வெளியான கரியமில வாயுவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கரிமக் கட்டணம் இன்னொரு புதிய வழி. 2023 அக்டோபரில் அறிக்கை கொடுப்பதோடு தொடங்கி, 2026 ஜனவரி முதல் முழு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட் ஆகியவற்றோடு திருகும் போல்ட்டும்கூட அதில் அடங்கும் என்பதால், ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்பும் சிறு நிறுவனங்களும் கரிமக் கணக்கு எழுத ஆள் தேடுகின்றன.

சான்றிதழ்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இணையத்தில் நூறு சான்றிதழ்கள் விற்கிறார்கள். நிலைத்தன்மை அறிக்கைக்கான ஜி.ஆர்.ஐ. தரநிலை, பசுமைக்குடில் வாயுக் கணக்குக்கான ஐ.எஸ்.ஓ. 14064 போன்றவற்றில் ஒன்றை ஆழமாகக் கற்றால் போதுமானது. எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வையும் பலர் பரிந்துரைப்பார்கள். ஒன்றிய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பான பி.இ.இ. நடத்தும் அந்தத் தேர்வு, பணி அனுபவமுள்ள பொறியியல் பட்டதாரிகளையும் இயற்பியல், வேதியியல், மின்னணுவியல் முதுகலையரையும் மனத்தில் வைத்து அமைந்தது. உங்கள் பட்டத்தோடு அதற்குப் பணம் கட்டுவதற்கு முன் தகுதிப் பகுதியை ஒரு முறை படியுங்கள்.

கோப்புக்கட்டு எழுதியது:

அரசுத் தேர்வு பற்றிக் கேட்டீர்கள். இதில் அடிபட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

குடிமைப் பணித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். அங்கே உங்களுக்குத் தடையில்லை. சிக்கல் எங்கே வருகிறதென்றால், இந்தப் பட்டம் படித்தவர்கள் மிகவும் விரும்பும் இடத்தில்தான் வருகிறது. இந்திய வனப் பணிக்கு விண்ணப்பிக்க, இளங்கலையில் கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல், கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றாவது பாடமாக இருந்திருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் ஆகியவற்றில் பட்டம் வேண்டும். சூழலியலும் சுற்றுச்சூழல் கொள்கையும் மூன்றாண்டுகள் படித்தவருக்குக் காட்டுக்குள் நுழைய அனுமதியில்லை. கணிதம் படித்தவருக்கு உண்டு. இதை நினைத்துப் பல இரவுகள் சிரித்திருக்கிறேன், அழுதும் இருக்கிறேன். நீங்கள் படித்த புள்ளியியல் தாள், மதிப்பெண் பட்டியலில் எந்தப் பெயரில், எந்த நிலையில் அச்சாகிறது என்பதை இப்போதே பல்கலைக்கழகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தாள் போதுமா என்பதை விண்ணப்பித்த பிறகு தெரிந்துகொள்வது கொடுமை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறியாளர் பணியிடங்கள் பொறியியல் பட்டதாரிகளுக்கானவை. விஞ்ஞானிப் பணியிடங்கள் குறிப்பிட்ட அறிவியல் முதுகலைகளைக் கேட்பவை. மாநிலத் தேர்வுகளில் இன்னொரு தொல்லை உண்டு. அறிவிக்கையில் ‘சுற்றுச்சூழல் அறிவியல்’ என்று இருந்து, உங்கள் சான்றிதழில் ‘நிலைத்தன்மை ஆய்வுகள்’ என்று இருந்தால், இரண்டும் இணையானவை என்று கூறும் அரசாணையைக் காட்டச் சொல்வார்கள். எழுத்துத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பில் அந்த அரசாணை இல்லாமல் நான் திரும்பியிருக்கிறேன். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

நிரந்தரப் பணி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால், முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் போன்றவற்றைப் பாருங்கள். மாவட்ட நிர்வாகத்தோடு இருந்து காலநிலை, ஈரநிலம், பசுமைப் பரப்பு தொடர்பான பணிகளைச் செய்யும் வாய்ப்பு அது. ஆசிரியப் பணியை விரும்பினால், யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் ஒரு பாடமாக உள்ளது. ஆனால் உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னதன்படி கல்லூரிகளில் கட்டாயமாக்கப்பட்ட சுற்றுச்சூழல் பாடத்தைப் பெரும்பாலும் வேறு துறை ஆசிரியர்களே கூடுதல் பொறுப்பாக நடத்துகிறார்கள் என்பதால், அங்கே எதிர்பார்க்கும் அளவுக்குப் பணியிடங்கள் இல்லை.

மடைக்கல் எழுதியது:

மேலே எழுதியவர்கள் எல்லோரும் இந்தப் பட்டத்தின் குறைகளைச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஏரி மீட்பில் ஈடுபடும் ஒரு தொண்டு அமைப்பில் இருக்கிறேன். இங்கே பல துறைப் படிப்பு ஓர் அலங்காரம் அல்ல. அது இல்லாமல் வேலையே நகராது.

ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது அதன் பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் அது நீர்வளத் துறையின் கையில். குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். நிலம் வருவாய்த் துறையின் பதிவேட்டில் இருக்கும். வண்டல் எடுக்க வேண்டுமானால் அனுமதி வேறிடத்தில். கரையிலுள்ள மரத்துக்கு ஒரு துறை, மீன் ஏலத்துக்கு இன்னொரு துறை. நாங்கள் ஒரு கிராமத்தில் தூர்வாரக் கணக்கெடுத்தபோது, எங்களோடு வந்த பொறியாளர் கொள்ளளவைத் துல்லியமாகச் சொன்னார். ஆனால் மீன் குத்தகை எடுத்தவர் மடையைத் திறக்க விடமாட்டார் என்பதையும், கடைமடைக்காரர்கள் பத்தாண்டுகளாகத் தண்ணீர் வரியைப் பற்றியே பேசாததற்கு அதுவே காரணம் என்பதையும் கண்டுபிடித்தவர், சமூகவியலும் ஜி.ஐ.எஸ்.ஸும் சேர்த்துப் படித்த ஓர் இளம்பெண். அவர் பழைய புல வரைபடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மீது பொருத்தி, வரத்துக் கால்வாய் எந்த இடத்தில் மனையாகிவிட்டது என்று காட்டினார். பிறகு அந்தப் படத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் டீக்கடை பெஞ்சில் விரித்து வைத்து, பெரியவர்களிடம் சரிபார்த்தார். இரண்டாவதாகச் செய்ததைத்தான் நான் திறமை என்பேன்.

சம்பளம் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும். நிறுவனச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். எங்கள் நிதியில் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. ஆகவே மார்ச் மாதம் நெருங்கும்போது ஏரியைவிட அறிக்கையைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வழியையும் யாரும் குறிப்பிடவில்லை. 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தயாரிக்கும் நிறுவனங்களுக்கு, காற்று, நீர், உயிரினப் பன்மை, சமூகப் பொருளாதாரம் என ஒவ்வொரு பிரிவுக்கும் தகுதி பெற்ற வல்லுநர்கள் தேவை. சமூகப் பொருளாதாரப் பிரிவில் உதவியாளராகத் தொடங்குவது உங்களைப் போன்றவர்களுக்கு இயலும். பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் அறிக்கையின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் கொடுக்க வேண்டும். நான் பார்த்த ஒரு தமிழ்ச் சுருக்கத்தில், ஆலையைக் குறிக்கும் ‘பிளாண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம் ‘செடி’ என்று இருந்தது. “புதிய செடியின் உற்பத்தித் திறன் நாளொன்றுக்கு 3,000 டன்” என்று படித்துவிட்டு ஊர்க்காரர்கள் எப்படிக் கருத்துச் சொல்வார்கள்? நல்ல தமிழில் எழுதத் தெரிந்த, உள்ளடக்கமும் புரிந்த ஒருவருக்கு அங்கே நிச்சயம் இடமிருக்கிறது.

அமராவதிக்கரை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. கோப்புக்கட்டு அண்ணா சொன்னபடி, புள்ளியியல் தாள் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன். தணிக்கைமேசை அக்காவிடம் ஒரு கேள்வி: முதுகலையை உடனே சேர்வதா, வேலைக்குப் போய்விட்டுச் சேர்வதா?

நொய்யல்வாசி அண்ணாவின் நேர்காணல் கேள்வியை வீட்டிலேயே செய்து பார்த்தேன். எங்கள் தறிக்கூடத்தின் இரண்டு மாத ரசீதில் 7,200 யூனிட் இருந்தது. விசைத்தறிக்கு அரசு 1,000 யூனிட் இலவசமாகக் கொடுப்பதால் அதைக் கழித்துவிட்டு, 6,200 யூனிட்டை, ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ என்று பெருக்கி, 4,340 கிலோ கரியமில வாயு என்று வந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சரியா என்று சொல்லுங்கள்.

தணிக்கைமேசை எழுதியது:

இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு முதுகலைக்குப் போங்கள். எதை ஆழமாகப் படிக்க வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும். பொதுவான நிலைத்தன்மைப் படிப்பையே முதுகலையிலும் மீண்டும் எடுக்காதீர்கள்; நீரியலோ, எரிசக்திப் பொருளாதாரமோ, சட்டமோ, தரவு அறிவியலோ ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கல்விக்கடன் வாங்கி வெளிநாடு செல்வதாக இருந்தால் இந்த இடைவெளி இன்னும் முக்கியம்.

நொய்யல்வாசி எழுதியது:

தங்கையே, பெருக்கல் சரி, கழித்தல் தவறு. அந்த 1,000 யூனிட்டுக்குப் பணம் கட்டுவது அரசாக இருக்கலாம். அதற்காக அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரியாமல் இருந்துவிடுமா? முழு 7,200 யூனிட்டையும் எடுக்க வேண்டும். 5,040 கிலோ வரும். 0.7 என்பது தோராயம்தான்; மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணையிலிருந்து, ரசீதின் ஆண்டுக்குரிய எண்ணை எடுத்து, எந்தப் பதிப்பு என்று ஓரத்தில் எழுதி வையுங்கள்.

மின்வெட்டின்போது ஜெனரேட்டர் ஓட்டுவீர்களா என்று அப்பாவிடம் கேளுங்கள். இரண்டு மாதத்தில் 40 லிட்டர் டீசல் போட்டிருந்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ வீதம் இன்னும் 108 கிலோ சேரும். அது மின்சாரத்தோடு கலக்காமல் தனி வரியில் வர வேண்டும், ஏனென்றால் அந்தப் புகை உங்கள் கூடத்திலேயே வெளியேறுகிறது. நூல் எங்கிருந்து வருகிறது, அந்த ஆலையில் எவ்வளவு என்ற கணக்கை இப்போது தொடாதீர்கள். திருத்திய தாளை, டீசல் பில்லோடு சேர்த்து, தேர்வு முடிந்ததும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஜூன் மாதத்தில் பயிற்சிக்கு ஓர் இடம் இருக்கிறது.